தக்கோலத்தை நானே வரைந்தேன்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 புதிய பதிப்புடன் ஐந்து ஆண்டுகள்

2022 மே மாதம், அக்கினி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை இரவு. வாலாஜாப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து, ஊர் கட்டிப் படை திரட்டிப் போரிடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டில் அப்போதுதான் வந்திருந்த ‘திராவிடர்’ அணியைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தைத் தொடங்கினேன். முதல் கிராமவாசியைச் சொடுக்கியதும் அவள் தமிழில் பதில் சொன்னாள். என் கை அப்படியே நின்றுவிட்டது. பாரசீகனும் மங்கோலியனும் அவரவர் மொழியில் பேசுவதை இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதே ஆட்டத்தில் கேட்டவள் நான். மஸ்கட்டிலிருந்து இணையம் வழியே உடன் ஆடிக்கொண்டிருந்த அண்ணன், “பாப்பா, கேட்டாயா?” என்றார். “கேட்டேன் அண்ணா” என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

‘டெஃபனிடிவ் எடிஷன்’ என்ற இந்தப் புதிய பதிப்பை 2020இல் வாங்கினேன். ஐந்து ஆண்டுகளாகப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதோறும் ஆடுகிறோம். அண்ணனுக்கு அன்று விடுமுறை. இங்கே ஒன்பது மணி என்றால் அங்கே ஏழரை. இராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருக்கும் எனக்கு மாதக் கடைசியில் மட்டும் முடியாது. இவ்வளவு நாள் ஒரு பொருளோடு வாழ்ந்த பிறகு எழுதினால்தான் எழுத்தில் நியாயம் இருக்கும் என்று காத்திருந்தேன்.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அண்ணன் வேலூரில் பாலிடெக்னிக் படித்தபோது அப்பா பழைய கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் வந்து சேர்ந்தது. என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி 1999இல் வெளிவந்த ஆட்டம். முதலில் 13 நாகரிகங்கள் (நாம் தேர்ந்தெடுக்கும் அணிகள்), அடுத்த ஆண்டு ‘தி கான்கரர்ஸ்’ தொகுப்பில் மேலும் ஐந்து. வீட்டில் ஒரே கணினி, ஆடுகிறவர்கள் இருவர். அதனால் ஒரு பங்கீடு செய்துகொண்டோம்: படை அண்ணனுக்கு, வயல் எனக்கு. போர் ஓயும் நேரத்தில் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துகொள்வார். நான் உட்கார்ந்து, விளைச்சல் தீர்ந்து தரிசாகிக் கிடக்கும் நிலங்களை ஒவ்வொன்றாக மறுபடி விதைப்பேன். அன்று எங்களுக்குத் தெரிந்தவரை அதற்குக் குறுக்குவழி இல்லை. ஒரு வயல் தரிசானால் அந்த உழவன் சும்மா நின்றுவிடுவான். பத்து உழவர்கள் நின்றுவிட்டால் அண்ணனின் குதிரைப்படைக்குத் தீனி இருக்காது.

அந்த நிறுவனம் 2009இல் மூடப்பட்டது. ஆட்டம் சாகவில்லை. அதை விட மனம் வராத ரசிகர்கள் சிலர் சேர்ந்து ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்ற பெயரில் தாங்களே ஒரு கூடுதல் தொகுப்பைச் செய்தார்கள். 2013இல் படத்தெளிவு கூட்டிய எச்.டி. பதிப்பு வந்தபோது அவர்கள் செய்தது முறையான வெளியீடாக ஏற்கப்பட்டது. பிறகு அவர்களே ஒரு நிறுவனமாகி, 2019 நவம்பர் 14 அன்று வெளியான டெஃபனிடிவ் எடிஷனை உருவாக்கினார்கள். இந்த மறுபிறப்பு பலித்ததற்கு இதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது ஆயிரம் இரவுகள் ஆடியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கிராமவாசிக்கு இன்றும் 50 உணவுதான், உருவாக 25 விநாடிதான். ஒரு வீட்டில் ஐந்து பேர் தங்கலாம். ஆட்டத்தின் முதல் கட்டமான இருண்ட காலத்திலிருந்து அடுத்த காலத்துக்குப் போக அதே 500 உணவு. காட்டுப்பன்றியை அம்பெய்து சீண்டி, அது துரத்த ஓடிவந்து நகர மையத்தின் அடியில் வீழ்த்தும் வித்தையும் அப்படியே இருக்கிறது. பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு உட்கார்ந்தேன். மூளை மறந்ததை விரல்கள் மறக்கவில்லை.

மாறியிருப்பது கைவலிதான். வயலை இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே மறுவிதைப்பு செய்துகொள்கிறது. மரம் மட்டும் கையிருப்பில் இருந்தால் போதும். முதல் வாரத்தில் எனக்கு இது பிடிக்கவில்லை. என் வேலையைப் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது. ஒரு மாதம் போனபின்தான் புரிந்தது, வயலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் இந்த ஆட்டத்தில் போரையே பார்த்ததில்லை என்று. முப்பத்து மூன்று வயதில் முதன்முறையாக ஒரு கோட்டையை நானே முற்றுகையிட்டேன். அண்ணன் அந்தப் பக்கம் பேசாமல் இருந்தார். முடிந்ததும், “இத்தனை நாள் உன்னை ஏன் வயலில் உட்கார வைத்தேன்?” என்று கேட்டார்.

கணினி எதிரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஆட்டத்தில் மிகக் கடினமான நிலையில் அது திருட்டுத்தனமாகக் கூடுதல் வளங்களைப் பெற்றுக்கொள்ளும். புதிய பதிப்பில் அந்தச் சலுகை இல்லை; நம்மைப் போலவே மரம் வெட்டி, பொன் தோண்டித்தான் வளர்கிறது. ஆனாலும் நம்மை அடிக்கிறது. அதனிடம் தோற்றால் வருத்தம் வருவதில்லை. எங்கே பிசகினோம் என்று திரும்பிப் பார்க்கத்தான் தோன்றுகிறது. புதியவர்கள் ‘ஆர்ட் ஆஃப் வார்’ என்ற பயிற்சிப் பகுதியை முதலில் முடித்துவிடுங்கள்.

எங்கள் ஊர் நிலவரத்துக்கு ஏற்ற சில செய்திகள். என்னுடையது 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி. ஓவியத் தரத்தை நடுவில் வைத்தால் நன்றாகவே ஓடுகிறது. உயர்தரப் படங்களுக்கான கூடுதல் தொகுப்பை நான் நிறுவவே இல்லை. இடமும் மிச்சம், சூடும் குறைவு. வேலூர்ப் பக்கத்து மே மாதத்தில் மதியம் ஆடாதீர்கள். விசிறி அலறும், படம் திக்கும். நான் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆடுகிறேன். இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை சேமித்துவிடுவேன். பராமரிப்பு மின்தடை நாளை மறந்துவிட்டு ஒரு முழுப் போரை இழந்த பிறகு வந்த பழக்கம் இது. புதுப்பிப்புகள் பெரிய அளவில் வருகின்றன. கைப்பேசி இணையத்தை நம்பி அவற்றை இறக்காதீர்கள். இணையத்தில் முகமறியாதவர்களோடு போட்டியிட்டால் 1000 புள்ளியில் தொடங்கி, நமக்குரிய இடத்துக்கு இறங்கும்வரை தொடர்ந்து தோற்க வேண்டியிருக்கும். அதில் எனக்கு நாட்டமில்லை. அது வேறு உலகம்.

நான்காம் பாகம் 2021இல் வந்தது. அதையும் சில வாரங்கள் ஆடிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் விரல்களுக்கு அந்நியம். திரும்பிவிட்டேன்.

இனி திராவிடர். 2013இல் ‘இந்தியர்’ என்று ஒரே அணியாக இருந்ததை, 2022 ஏப்ரலில் வந்த ‘டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா’ தொகுப்பு பிரித்தது. பழைய அணி இந்துஸ்தானியர் ஆனது. வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என மூன்று அணிகள் புதிதாக வந்தன. நம்மவர்களுக்கு ஒவ்வொரு காலம் ஏறும்போதும் 200 மரம் கிடைக்கிறது. துறைமுகத்துக்கு ஏற்ப மக்கள்தொகை இடம் கூடுகிறது. திரிசடை என்ற போர்க்கப்பல் ஒரே வீச்சில் பல அம்புகளைப் பொழிகிறது. ராஜேந்திரனின் படையெடுப்புகளைப் பின்தொடரும் கதைத்தொடரும் உண்டு. 1025இல் கடாரத்துக்குக் கப்பல் விட்டவனின் அணிக்குக் கடல் பலம் கொடுத்தது சரியான தீர்ப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது ‘வூட்ஸ் ஸ்டீல்’ என்ற ஆராய்ச்சி. அதை முடித்துவிட்டால் நம் காலாட்களின் வாள், எதிரியின் கவசத்தைக் கணக்கிலேயே எடுக்காது. வூட்ஸ் என்பதே நம் உருக்கு, உக்கு என்ற சொல்லிலிருந்து போனது என்பார்கள். கொடுமணலில் எஃகு செய்த உலைகள் கிடைத்திருக்கின்றன. ஒரு சொல் ஐரோப்பா வரை போய்த் தேய்ந்து, ஆட்டத்தின் வழியாக வீட்டுக்கூடத்துக்குத் திரும்பி வந்ததாக எனக்குத் தோன்றும். ‘உருமி’ வீரனைப் பார்த்துப் பறை உறுமியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவன் கையில் இருப்பது சுருள்வாள். ஓய்ந்து நின்று வலிமை சேர்த்து, முதல் வீச்சில் சுற்றியிருப்பவர்களையெல்லாம் வெட்டுவான்.

குறைகள் இரண்டு. அவை சிறியவை அல்ல.

வீரர்கள் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் ஆட்டத்தின் பட்டியல்களிலும் விளக்கங்களிலும் தமிழ் இல்லை. இந்தி இருக்கிறது, வியட்நாமியம் இருக்கிறது, மலாய் இருக்கிறது. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ராஜேந்திரன் கதையை ஒவ்வொரு வரியாக நான்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மன்னனின் மெய்க்கீர்த்தி இருக்கும் மொழி அவளுக்குத் தெரியும். அவன் கதை அவளுக்கு வேறு மொழியில்தான் கிடைக்கிறது.

இரண்டாவது, ‘திராவிடர்’ என்ற ஒற்றைப் பெயர். சோழரும் பாண்டியரும் சாளுக்கியரும் ஹொய்சளரும் விஜயநகரமும் ஒரே அணி. 2025 மே மாதம் வந்த தொகுப்பில் சீனத்தின் மூன்று அரசுகளான ஷு, வெய், வூ மூன்றுக்கும் தனித்தனி அணி கொடுத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் ஒருவரோடொருவர் மோதிய மூன்று அரசுகளுக்கு மூன்று இடம் உண்டென்றால், பல நூறு ஆண்டுகள் மோதிய நம்மவர்களுக்கு ஏன் ஒன்று? கனமான கவசம் பூண்ட குதிரைவீரர்களும் நமக்குக் கிடையாது என்று வைத்துவிட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் குதிரைச் சேவகர் என்று தனிப்படையே வருகிறது.

ஒற்றைப் பெயரின் வலியைத் தக்கோலத்தில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

அரக்கோணம் பக்கம் தக்கோலம் எங்களுக்குப் பழக்கமான ஊர். சம்பந்தர் பாடிய திருவூறல் அதுதான். இந்தப் பதிப்பு வெளியான அதே 2019 நவம்பரில்தான் அந்த ஊர் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து இராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. பழைய ஆட்களுக்கு எல்லாம் வடாற்காடுதான். அங்கேதான் 949இல் முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனை எதிர்த்து நின்று மடிந்தான். கங்க மன்னன் பூதுகன் அவனைக் கொன்றதாக ஆதகூர்க் கல்வெட்டு சொல்கிறது. யானையின் மேல் இருந்தபடியே இறந்ததால் அவனுக்கு ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று பெயர். அதன்பின் தொண்டை நாடு பல ஆண்டுகள் சோழர் கையில் இல்லை. ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்’ என்று எங்கள் பக்கத்துக் கல்வெட்டுகளில் வருவது அந்தக் கிருஷ்ணன்தான். சோழர் வென்ற போர்களுக்கு ஆட்டத்தில் இடம் இருக்கிறது. எங்கள் மண்ணில் அவர்கள் தோற்ற போருக்கு இல்லை. அதனால் நானே செய்தேன்.

ஆட்டத்திலேயே ஒரு வரைபட உருவாக்கி இருக்கிறது. நிலம், நீர், மேடு, மரம் எல்லாவற்றையும் நாமே வரையலாம். இன்னது நடந்தால் இன்னது நடக்கட்டும் என்று கட்டளைகளைக் கோக்கலாம். நான்கு மாதங்கள் எடுத்துக்கொண்டேன். கொற்றலையாற்றை வரைந்து, கரையில் பனைகளை வைத்தேன். யானை வில்லாளி ஒருவனுக்கு ராஜாதித்தன் என்று பெயர் மாற்றினேன். அவன் விழுந்தால் சோழப் படை வடக்கிலிருந்து தெற்கே பின்வாங்க வேண்டும் என்று கட்டளை எழுதினேன்.

சிக்கல் எதிரியில் வந்தது. இராட்டிரகூடனும் கங்கனும் கன்னட நாட்டவர்கள். ஆட்டத்தின் கணக்கில் அவர்களும் திராவிடரே. இரு பக்கமும் ஒரே அணியை வைத்தேன், நிறம் மட்டும் வேறு. மகள் ஆடிப் பார்த்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, “அம்மா, எதிரியும் தமிழ்தானே பேசுகிறான்?” என்று கேட்டாள். கூர்ஜரராக மாற்றிப் பார்த்தேன். குதிரைகள் வந்தன, ஆனால் கிருஷ்ணன் மேற்கிந்தியாவின் மன்னனாகிவிட்டான். இந்துஸ்தானியராக்க மனம் ஒப்பவில்லை. கடைசியில் திராவிடராகவே விட்டுவிட்டேன். சிவப்பும் நீலமுமாக இரண்டு படைகள் ஒரே மொழியில் முழங்கிக்கொண்டு மோதுகின்றன.

சென்ற மாதம் அண்ணன் கிருஷ்ணனாக ஆடினார், மகள் ராஜாதித்தனாக ஆடினாள். யானையை முன்னால் அனுப்பாதே என்று பத்து முறை சொன்னேன். “அவர் முன்னால்தானே போனார்?” என்று அனுப்பிவிட்டாள். யானை விழுந்ததும் அண்ணன் சிறிது நேரம் படையை நகர்த்தவே இல்லை. “மாமா, ஏன் நிற்கிறீர்கள்? ஆடுங்கள்” என்று அவள்தான் சொன்னாள்.

இப்போது அடுத்த வரைபடத்தில் இருக்கிறேன். தக்கோலத்தில் வென்ற கிருஷ்ணன் பின்பு 959இல் பாசறை அமைத்துத் தங்கிய இடம், பொன்னை ஆற்றங்கரையில் உள்ள மேல்பாடி. அதே மேல்பாடியில்தான் ராஜாதித்தனின் தம்பி அரிஞ்சயனுக்கு, அவன் பேரன் ராஜராஜன் பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். ஆற்றை வரைந்துவிட்டேன், பாசறையும் முடிந்துவிட்டது. கோயிலுக்குத்தான் இடம் மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். கையடக்கமான அந்தக் கற்றளிக்குப் பொருந்தும் கட்டடம் ஆட்டத்தில் எதுவும் இல்லை. பொங்கலுக்கு அண்ணன் வருகிறார். மூவருமாக மேல்பாடிக்குப் போய், அளவெடுத்து வந்து தொடரலாம் என்றிருக்கிறோம்.