பம்ப்பைக் கழற்றாமலே குறை கண்ட சங்ககிரிப் பட்டறை

என்னிடம் இருப்பது ஆறு சிலிண்டர் எஞ்சினும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை அழுத்தி அனுப்பும் பழைய வகை இன்லைன் பம்ப்பும் கொண்ட ஒரே ஒரு லாரி. இரண்டு மாதங்களாக அது என்னைப் படாதபாடு படுத்தியது. காலையில், டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பம்ப்பை முப்பது நாற்பது முறை அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். வெறும் வண்டியாகச் சமதளத்தில் ஓடும்போது குறை தெரியாது. ஆனால் லோடு ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாயில் ஏறும்போது புல்லிங் குறைந்து, எஞ்சின் விட்டுவிட்டு இரைந்து, ஒருமுறை நடுச்சாலையிலேயே நின்றும் போனது. முதலில் காட்டிய பட்டறையில் எதையும் சோதிக்காமலே பம்ப்புக்குள் டீசலை அழுத்தும் எலிமெண்ட் தேய்ந்துவிட்டது என்றும், கழற்றி ஓவர்ஹால் செய்ய 28,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். அந்தத் தொகையைப் புரட்ட வழி தேடிக்கொண்டிருந்த வேளையில்தான் டிரைவர் ஒருவர் சங்ககிரியில் உள்ள இந்த டீசல் பம்ப் பட்டறைக்கு வழிகாட்டினார்.

பட்டறைக்காரர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "பம்ப்பை இப்போதைக்குத் தொட வேண்டாமுங்க, டீசல் வருகிற வழியை முதலில் பார்த்துவிடலாமுங்க" என்றார். டாங்க்கிலிருந்து, டீசலை உறிஞ்சி இழுக்கும் ஃபீட் பம்ப்புக்கு வரும் பாதையில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, எஞ்சினை ஓடவிட்டு ரேஸ் கொடுத்தார். சற்று நேரத்தில் அந்தக் குழாய்க்குள் பாசிமணி கோத்ததுபோல் காற்றுக் குமிழிகள் வரிசையாக ஓடின. வண்டிக்கு அடியில் படுத்து ரப்பர் ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே போனவர், சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் உராயும் இடத்தில், கிளிப்புக்கு அடியில் மயிரிழைபோல் வெடிப்பு விட்டிருந்ததைக் காட்டினார். தரையில் ஒரு சொட்டு டீசல்கூட விழாததால் அங்கே ஓட்டை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஃபீட் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே கசியாது, வெளிக்காற்றுதான் உள்ளே புகும் என்றும், வண்டி நின்றிருக்கும் இரவில் அதே வெடிப்பு வழியாகக் காற்று ஏறி, தாழ்வாக இருக்கும் டாங்க்குக்கு டீசல் இறங்கிவிடுவதால்தான் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை என்றும் அவர் விளக்கியபோது இரண்டு மாதக் குழப்பம் ஒரே நிமிடத்தில் தெளிந்தது.

இருந்தாலும் அவர் அதோடு நிறுத்தவில்லை. சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் ஆறு இன்ஜெக்டர்களையும் கழற்றி, கதவு மூடிய தனி அறையில், அவற்றின் நுனியான நாசிலைச் சோதிக்கும் டெஸ்டரில் ஒவ்வொன்றாக மாட்டி, என்னையும் அருகில் நிற்க வைத்துக் காட்டினார். நல்ல நாசில் கிர்ரென்ற ஒலியோடு சாம்பிராணிப் புகைபோல் மென்மையாகத் தூவியது. மூன்றாவதும் ஐந்தாவதும் குறித்த அழுத்தம் வருவதற்கு முன்பே திறந்துகொண்டதோடு, நுனியில் துளி கோத்துச் சொட்டின. ஆர்வத்தில் கையை நீட்டப்போன என்னைச் சட்டென்று தடுத்தார். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும் என்பதை டீசல் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாசில்களை மட்டும் மாற்றி, ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து அழுத்தத்தைச் சரிசெய்து, செம்பு வாஷர்கள் அனைத்தையும் புதிதாகப் போட்டார்.

ஃபில்டர் மாற்றிய முறையையும் சொல்ல வேண்டும். வேலை எளிதாக வேண்டும் என்று பலர் புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி மாட்டுவார்கள்; அவ்வாறு வடிகட்டாத டீசலை ஊற்றினால் தூசி நேராகப் பம்ப்பின் எலிமெண்டுக்குப் போகும் என்று சொல்லி, அவர் காலியாகவே மாட்டி, ஹேண்ட் பம்ப்பை அடித்தே நிரப்பினார். முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவையும் அடுத்துப் பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவையும் தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வரும்வரை உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றிப் பொறுமையாக ஏர் எடுத்தார்.

கூலி, ஹோஸ், நாசில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 7,850 ரூபாய் ஆனது. ஆறு நாசில்களும் வேலைக்கு முன்னும் பின்னும் எந்த அழுத்தத்தில் திறந்தன என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்ததும், கழற்றிய பழைய பொருள்களைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்ததும் என் நம்பிக்கையை உறுதிப்படுத்தின.

குறைகளும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை தருவதாகச் சொன்ன வண்டி சனிக்கிழமை மதியம்தான் கைக்கு வந்தது. தாமதமாகும் என்று அவர்களாக அழைத்துச் சொல்லவில்லை. லோடு ஒப்புக்கொண்டு காத்திருப்பவனுக்கு அரை நாள் என்பது சிறிய இழப்பு அல்ல. காத்திருக்க நிழலும் இல்லை. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் வண்டிகளை இங்கே எடுப்பதில்லை, எனவே 2020க்குப் பின் பி.எஸ். 6 என்னும் புகை மாசு விதிப்படி வந்த லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டறை பயன்படாது. அதை வாசலிலேயே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வேலை முடிந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. சென்ற வாரம் முழு லோடோடு தொப்பூர் கணவாயில் ஏறினேன். எஞ்சின் எங்கும் இரையவில்லை. காலையில் ஹேண்ட் பம்ப்பைத் தொடாமலே ஸ்டார்ட் ஆகிறது. அவர் சொன்னபடி, வண்டியை எடுப்பதற்கு முன் வாட்டர் செப்பரேட்டரின் அடித் திருகைத் திறந்து, தேங்கிய தண்ணீரை ஒரு டம்ளரில் வடித்துப் பார்த்துவிட்டே கிளம்புகிறேன்.