மகளிர் குழுவா, ஃபைனான்ஸா, சீட்டா: வட்டி யார் கைக்குப் போகுதுன்னு பாருங்க

எங்க பாலக்கோடு பக்கம் ஒரு பொண்ணு கல்யாணமாகி வந்தா ஒரு வருஷத்துக்குள்ள மூணு பேர் வந்து கேட்டுருவாங்க. மகளிர் குழுல சேர்றியா, மைக்ரோ ஃபைனான்ஸ்ல அஞ்சு பேர் சேர்ந்தா லோன் தர்றாங்க வர்றியா, சீட்டுல ஒரு இடம் காலியா இருக்கு போடுறியான்னு. நான் மகளிர் குழுல இருக்கேன், இப்போ குழுவை முன்னால நின்னு நடத்துற ஊக்குநரும் நான்தான், அதனால குழு பக்கம் சாஞ்சு தான் பேசுவேன், முன்னாடியே சொல்லிடறேன்.

சீட்டு பத்தி ரெண்டு வரி. அவசரம்னு முதல் மாசத்துலயே ஏலத்துல தொகையைக் குறைச்சுக் கேட்டு எடுக்குறவங்களுக்கு நஷ்டம், கடைசி வரைக்கும் காத்திருக்க முடிஞ்சவங்களுக்கு லாபம், அப்போ கஷ்டத்துல இருக்குறவ காசு தான் வசதியா இருக்குறவளுக்குப் போகுது. ஊர்ல நடக்குறது பாதிக்கு மேல பதிவே இல்லாத சீட்டு. 1982 சீட்டு நிதி சட்டப்படி பதிவு பண்ணி நடத்துறவங்க கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல எடுக்கக் கூடாது. அந்த மாதிரி கம்பெனி சீட்டு நான் போட்டதில்ல, அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்ல.

ஒரே ஒரு விஷயத்துல ஃபைனான்ஸைக் குழுவால அடிச்சுக்க முடியாது, வேகம். ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, ஃபோட்டோ குடுத்தா சில நாள்ல பணம் அக்கவுண்ட்ல விழுந்துரும். குழுன்னா ஆறு மாசமாவது கூட்டம் போட்டு சேமிச்சு காட்டணும், அப்புறம் தான் பேங்க் திரும்பியே பார்ப்பாங்க, அதுக்கும் மேனேஜரைப் பார்க்க நாலு தடவை அலையணும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு கட்டணும்னு இருக்குறவகிட்ட போய் குழுல சேருன்னு சொன்னா அது புத்தி சொல்றது இல்ல, வெறுப்பேத்துறது.

இப்போ வட்டிக்கு வருவோம். எல்லாரும் எத்தனை வட்டின்னு தான் கேக்குறாங்க, எங்க குழு சேமிப்புலருந்து நாங்களே குடுத்துக்குற உள்கடனுக்கும் மாசம் 2 வட்டி தான், அதாவது வருஷத்துக்கு 24, ஃபைனான்ஸ்காரங்க வாங்குறதும் கிட்டத்தட்ட அந்த அளவு தான், அப்புறம் என்னடி வித்தியாசம்னு என் நாத்தனாரே கேட்டா. 10,000 ரூபா வாங்கி மாசம் 1,000 அசல் குறைச்சுட்டே வந்தா முதல் மாசம் வட்டி 200, அடுத்த மாசம் 180, இப்படி பத்து மாசத்துல மொத்தம் 1,100. ஃபைனான்ஸ்ல கட்டினா அந்த 1,100 ஊரை விட்டே போயிருச்சு, அதுக்கு மேல பிராசஸிங் சார்ஜ், இன்சூரன்ஸ்னு முதல்லயே பிடிச்சுக்குவாங்க. குழுல கட்டினா அது நம்ம பொது நிதில ஏறி அடுத்தவளுக்கு கடனா போகுது, அதுல எனக்கும் பங்கு, கட்டினவளுக்கும் பங்கு. வட்டி எவ்வளவுங்கறதை விட அது எந்த நோட்டுல வரவு ஏறுதுன்னு தான் நான் பார்ப்பேன்.

பேங்க் கடன் தனிக் கணக்கு. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்துல இருக்குற குழுவுக்கு 3 லட்சம் வரைக்கும் 7 சதவீதம் தான் வட்டி. 10 லட்சம் வரைக்கும் அடமானம் கேக்கக் கூடாது, குழு சேமிப்புப் பணத்தை பிடிச்சு வச்சுக்கவும் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு, மேனேஜர் வேற மாதிரி பேசினா இதை எடுத்துச் சொல்லுங்க.

தவணை தவறினா என்ன ஆகும்னும் பார்க்கணும். போன கோடைல எங்க குழு அக்கா ஒருத்தங்க மாடு வத்திருச்சு, பால் காசு நின்னுபோச்சு. கூட்டத்துல பேசி ரெண்டு மாசம் வட்டி மட்டும் கட்டட்டும்னு தீர்மான நோட்டுல எழுதினோம், ரெண்டு பேர் முணுமுணுத்துட்டே கையெழுத்து போட்டாங்க. இதே ஃபைனான்ஸ்னா அவங்க தவணையை மத்த நாலு பேர் அங்கேயே பிரிச்சுப் போட்டுக் கட்டணும், கட்டுற வரைக்கும் வசூலுக்கு வந்த தம்பி பாயை விட்டு எந்திரிக்க மாட்டான். காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6க்கு மேலயும் வசூலுக்கு வந்து தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு 2022லயே ரிசர்வ் பேங்க் சொல்லிருக்கு, பல பேருக்கு இது தெரியாது.

ஆனா குழுன்னாலே தங்கம்னு நினைக்காதீங்க. 1989ல தமிழ்நாட்டுல மகளிர் குழுத் திட்டம் ஆரம்பிச்சதே எங்க தர்மபுரில தான், என் மாமியார் காலத்துலருந்து பார்க்குறோம், குழு உடையுறது எல்லாமே கணக்குலருந்து தான். நோட்டு, பாஸ்புக், செக்புக் மூணும் ஒரே வீட்டு பீரோல இருந்து, அந்தம்மா கைகாட்டுற இடத்துல மட்டும் மத்தவங்க கையெழுத்து போடுறாங்கன்னா அங்க சேராதீங்க. சேரப்போற குழுவோட கூட்டத்துல ஒருநாள் சும்மா போய் உக்காருங்க, போன மாச வரவு செலவை எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிக்கிறாங்களான்னு பாருங்க, படிக்கலன்னா டீயைக் குடிச்சுட்டு வந்துருங்க.