சாதி: சமயத்தின் வேரா, அதில் படர்ந்த கொடியா?

திருகோணமலையில் இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு பதில்கள் வரும். சாதி சமூகம் செய்த வேலை, சைவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது ஒன்று. சமயமே அதற்கு வேர் என்பது மற்றது.

முதல் பதிலுக்குச் சம்பந்தர் துணை நிற்கிறார். கோணமலைக்குப் பதிகம் பாடிய அவர், பாணர் குலத்துத் திருநீலகண்ட யாழ்ப்பாணரைக் கூடவே அழைத்துச் சென்றவர். அந்தணரான திருநீலநக்கர் வீட்டில் அந்தப் பாணருக்கு வேதிகையின், அதாவது வேள்வி மேடையின், அருகே இடம் கொடுத்தபோது, வேள்வித் தீ வலஞ்சுழித்து எழுந்தது என்கிறது பெரியபுராணம். சிறுவயதில் இதைக் கேட்டு நெஞ்சு நிறைந்திருக்கிறேன்.

ஆனால் அதே பெரியபுராணத்தில் நந்தனார் தில்லைக்குள் போகுமுன் தீயில் மூழ்கி எழ வேண்டியிருக்கிறது. எழுந்தபோது மார்பில் பூணூல். அன்பு போதுமென்றால் அந்தத் தீ எதற்கு? இருக்கு வேதத்தின் புருட சூக்தம் வாய், தோள், தொடை, பாதம் என்று நான்கு வருணங்களைப் பிரிக்கிறது. நம்மூர்க் கோணேசர் கோயிலின் முறைகளைச் சொல்லும் ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற நூலும் கோயில் தொழும்பைத் தானத்தார், வரிப்பத்தார் என்று குடிவழியாகவே பங்கிடுகிறது.

சாதி சொல்லிக் கோயிலுக்குள் விட மறுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் 1957இல் வந்தது. அதன் பிறகும் 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட வேண்டியிருந்தது.

எனக்கு இரண்டாவது பதிலே உண்மைக்குக் கிட்ட நிற்கிறது. பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டி, மான்கள் மேயும் சரிவில் கோணேசர் கோயிலுக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் ஏறுகிறோம். எல்லா உள்ளங்கைகளிலும் விழுவது ஒரே திருநீறு. வீடு திரும்பியதும் மகளுக்கு வந்த வரனின் குலத்தை விசாரிக்கிறோம், நெற்றியில் அந்த நீறு கலையும் முன்பே.