நீரின் மேல் எல்லை: நடுக்கோடா, ஆழப்பாதையா, நிலைப்புள்ளியா?

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் இடையில் வாழ்கிறவர்களுக்குத் தண்ணீர் சொன்ன இடத்தில் நிற்காது என்று தெரியும். மாரியில் திறக்கிற முகத்துவாரத்தைக் கோடையில் மணல் அடைத்துவிடும். இப்படிப்பட்ட நீரில் இரண்டு நாடுகள் எல்லை போட்டால் எது நிலைக்கும்?

நடுக்கோடு கேட்பதற்கு நியாயமாக இருக்கும். 1783 பாரிஸ் உடன்படிக்கை, அமெரிக்காவுக்கும் பிரித்தானியக் கனடாவுக்கும் பேரேரிகளின் நடுவால் எல்லை என்றது. ஆனால் நடுவில் தீவுகள் கிடந்தன. 1814 கென்ட் உடன்படிக்கைக்குப் பிறகு அளவையாளர்கள் இறங்கி அளந்தார்கள். எந்தத் தீவையும் இரண்டாக வெட்டுவதில்லை என்று ஆணையாளர்கள் ஒத்துக்கொண்டு, 1822இல் முடிவு எழுதினார்கள். காகிதத்து நடுக்கோடு தண்ணீரில் நெளிந்துதான் போனது.

ஆழப்பாதை, தோணியும் கப்பலும் ஓடுகிற வாய்க்காலைப் பிடித்துப் போகும். இரு பக்கத்தாருக்கும் போக்குவரத்து கிடைப்பது இதன் பெரிய பலம். சிக்கல், ஆறு இரண்டாகப் பிரியும்போது. சோபே ஆற்றுத் தீவுக்காக பொட்ஸ்வானாவும் நமீபியாவும் சர்வதேச நீதிமன்றம் போனதற்குக் காரணம், எது முதன்மை வாய்க்கால் என்பதை 1890 உடன்படிக்கை தெளிவாகச் சொல்லாததுதான். 1999இல் வடக்கு வாய்க்காலே எல்லை, தீவு பொட்ஸ்வானாவுக்கு என்று தீர்ப்பானது. இரு வாய்க்கால்களிலும் இரு நாட்டாரும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்தது அந்த வரிதான்.

அப்புறம் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆறு. 1864 வெள்ளத்தையொட்டி ஆறு தெற்கே நகர்ந்ததில் மெக்சிகோவின் சாமிசால் நிலம் மறுகரைக்குப் போனது. 1911 நடுவர் தீர்ப்பை அமெரிக்கா ஏற்கவில்லை. 1963இல்தான் ஒப்பந்தம், ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலுக்குள் திருப்பி 1968இல் முடித்தார்கள். பணமுள்ளவர்களால் மட்டுமே முடிகிற வழி.

என் தேர்வு மூன்றாவதான நிலைப்புள்ளி: வரைபடத்தில் புள்ளிகள், இடையே நேர்கோடுகள். பேரேரிகளில் 1908 உடன்படிக்கைக்குப் பின் அப்படித்தான் செய்தார்கள். ஏரிக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. நகரும் ஆற்றில் மட்டும், எல்லைக்கு அப்பால் போய்விட்ட தண்ணீர் கரையோரத்து விவசாயிக்குக் கிடைக்காமல் போகலாம். அதனால் இரு கரைகளிலும் குறிகற்கள் நட்டு, மீன்பிடிக்கும் தண்ணீர் எடுக்கும் உரிமைகளைத் தனிப் பிரிவாக உடன்படிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். அந்தப் பிரிவு இல்லாத உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவே கூடாது.