கிரீஸ் ஸ்பெல்லோட 5 வருஷம்: கடைசில எரியாதாம்ல

போன வாரம் ஆஃபீஸ் தம்பி ஒருத்தன் வந்து, "அண்ணா, முதல் தடவையா டிஎன்டி ஆடப்போறேன், விசார்ட் எடுத்திருக்கேன், ஸ்பெல்புக்ல 6 எழுதணும், 5 முடிவாயிடுச்சு, ஆறாவதா கிரீஸ் எழுதலாமா"ன்னு கேட்டான். டிஎன்டின்னா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டைஸ் உருட்டி ஆடுற கதை விளையாட்டு; விசார்ட்னா மந்திரவாதி, ஸ்பெல்னா அவன் போடுற மந்திரம், கிரீஸ் அதுல ஒண்ணு. நான் ஆரம்பிச்சேன், டீ ஆறிப்போச்சு, அவனுக்கு மீட்டிங் வந்துடுச்சு, பதில் மட்டும் வரல. அதான் இங்க கொட்டிடறேன்.

அஞ்சு வருஷமா ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆடுறோம், ரெண்டு கேம்பெய்ன் (தொடர்கதை மாதிரி நீள ஆட்டம்), ரெண்டுலயும் நான் விசார்ட், ரெண்டுலயும் கிரீஸ். ஸ்பெல் என்ன பண்ணும்னு விளக்க வேண்டியதில்ல, 10 அடிக்கு 10 அடி வழுவழுன்னு ஆகும், நிக்கிறவன் டெக்ஸ் சேவ் போடணும், அதாவது டைஸ் உருட்டி தன் சுறுசுறுப்பு எண்ணையும் சேத்து தப்பிக்கப் பாக்கணும், தவறினா மல்லாக்க. எல்லாரும் விழறதத்தான் பாக்குறாங்க. ஆனா விழுந்தவன் அவன் டர்ன் வந்ததும் பாதி நடையச் செலவு பண்ணி எந்திரிச்சிடுவான், அதுல பெரிய லாபமில்ல. அவன் விழுந்ததுக்கும் அவன் டர்ன் வரதுக்கும் நடுவுல நம்ம ஆளுங்க எத்தனை பேர் இருக்காங்கன்றதுலதான் மொத்த விளையாட்டும் இருக்கு.

முதல் கேம்பெய்ன்ல ரெண்டாவது வாரமே ஒரு ஓகர், ராட்சசன். 59 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்க் கணக்கு, எங்க நாலு பேரோடதையும் கூட்டினாலும் அவ்ளோ வராது. என் சேவ் டிசி, அதாவது அவன் எட்ட வேண்டிய எண், 13, ஓகருக்கு டெக்ஸ்ல மைனஸ் 1, அதாவது 20 பக்க டைஸ்ல 14 இல்ல அதுக்கு மேல விழணும், 20க்கு 13 வாட்டி சறுக்கிடும். சறுக்குச்சு. டர்ன் வரிசையில எனக்கு அடுத்து ரோக் (திருட்டுக் கில்லாடி), அதுக்கடுத்து பாலடின் (புனித வீரன்), அப்புறம்தான் ஓகர். கீழ கிடக்குறவன பக்கத்துல நின்னு அடிச்சா அட்வான்டேஜ், அதாவது ரெண்டு டைஸ் உருட்டி பெருச எடுத்துக்கலாம், அதனால ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக்கோட கூடுதல் டேமேஜ் சும்மா கிடைச்சுது, குத்து விழுந்த சத்தம் எங்களுக்கே கேட்ட மாதிரி இருந்துச்சு. எங்க வில்லாளிதான் கத்தினான், "நான் எங்க போறது"ன்னு, ஏன்னா விழுந்து கிடக்குறவன தூரத்துலேர்ந்து அடிச்சா அடிக்கிறவனுக்கு டிஸ்அட்வான்டேஜ், ரெண்டு டைஸ்ல சின்னதுதான் கணக்கு. அவன் இன்னி வரைக்கும் கிரீஸ்னாலே மூஞ்சியத் திருப்பிக்குவான். நியாயம்தான். உங்க டேபிள்ல ரெண்டு வில்லாளி இருந்தா இதத் தொடாதீங்க.

அடுத்து கான்சென்ட்ரேஷன், அதாவது ஸ்பெல் நிக்க மனச அதுலயே வெச்சிருக்கறது. நல்ல ஸ்பெல்லு முக்காவாசிக்கு அது வேணும், ஒண்ணு புடிச்சா இன்னொண்ணு போயிடும். கிரீஸுக்கு வேணாம். ஒரு நிமிஷம், அதாவது 10 ரவுண்டு, நீ செத்தாலும் அது தரையில கிடக்கும். மூணாவது லெவல்ல வெப் (சிலந்தி வலை ஸ்பெல்) வந்தப்புறம் எங்க ஃபார்முலாவே இதான், வெப் போட்டு மாட்ட வெய்யி, அதுலேர்ந்து திமிறிட்டு வரவனுக்கு வாசல்ல கிரீஸ். குறுகலான கதவு, மாடிப்படி, பாலத்தோட முனை, எங்க வழி ஒண்ணே ஒண்ணோ அங்க போட்டா 10 அடி தாராளம். பழைய 3.5 எடிஷன்ல இத எதிரியோட கத்திப் பிடி மேலயே போடலாம், சேவ் தவறினா கை வழுக்கி கீழ விழும், அது நாங்க ஆடுற அஞ்சாவது எடிஷன்ல இல்ல, எடுத்துட்டாங்க, அதுக்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆனா இப்ப நான் சொல்ல வரது வேற வருத்தம்.

தீ.

2014ல வந்த அஞ்சாவது எடிஷன் ரூல் புக்ல கிரீஸ் எரியுமா எரியாதான்னு ஒரு வார்த்தை கிடையாது. அதே புக்ல வெப் ஸ்பெல்லுக்கு மட்டும் எரியும்னு தெளிவா எழுதி, ஒரு ரவுண்டுல எரிஞ்சு போகும், 2 நாலுபக்க டைஸ் டேமேஜ்னு கணக்கும் குடுத்திருக்கான். கிரீஸுக்கு வேண்டிய பொருள் என்னன்னா கொஞ்சம் பன்னித்தோல் இல்லன்னா வெண்ணெய். வெண்ணெய்! அதப் படிச்சப்புறம் எவன் சும்மா இருப்பான்?

எங்க டிஎம் (ஆட்டத்த நடத்தி தீர்ப்பு சொல்றவர்) முதல்ல ஒத்துக்கல. "நெய் விளக்கு எரியுதுன்னா அது திரியால, வெறும் தரையில வெண்ணெயத் தடவி தீக்குச்சி வெச்சுப் பாரு, உருகும், அவ்ளோதான்"ன்னார். நான் சொன்னேன், "அதுல விழுந்து புரண்டுட்டு இருக்குற கோப்ளின் போட்டிருக்குற சாக்குத்துணி திரி இல்லாம வேற என்ன சார்?" ஒரு ரெண்டு செகண்ட் யாரும் பேசல. அப்புறம் சிரிச்சிட்டே, சரி, வெப் கணக்கையே வெச்சுக்கோ, ஆனா எரிஞ்சா கிரீஸ் காலின்னார். நாலு வருஷம் அந்தத் தீர்ப்புலதான் வாழ்ந்தேன். படியில வரிசையா ஏறி வந்த கோப்ளின் கும்பலு, நடுப்படியில கிரீஸ், ரோக் கைல டார்ச். அந்த ராத்திரிய இப்பவும் பேசுவோம்.

அப்புறம் அதத் திருத்தின 2024 புக்கு வந்துச்சு. கேம்பெய்ன் நடுவுலயே எங்க டேபிள் அதுக்கு மாறுச்சு. நான் கிரீஸத் திறந்தேன். வர்ணனையோட முதல் வார்த்தையே "தீப்பிடிக்காத". தீப்பிடிக்காத கிரீஸாம். பத்து வருஷத்துச் சண்டைய ஒத்த வார்த்தையில முடிச்சிட்டான். டிஎம் என்னப் பாத்து சிரிச்ச சிரிப்பு இருக்கே, அத விடுங்க.

நியாயமாப் பாத்தா அவங்க பண்ணது சரிதான், இத நானே ஒத்துக்குறேன். ஒரு முதல் லெவல் ஸ்லாட்டுக்கு (ஒரு தடவை ஸ்பெல் போடுற கணக்கு) விழவும் வெச்சு, நடையையும் குறைச்சு, கான்சென்ட்ரேஷனும் கேக்காம, மேல தீயும் வெச்சா, பக்கத்துல பர்னிங் ஹேண்ட்ஸ்னு நெருப்பு ஸ்பெல் எழுதி வெச்சிருக்குறவன் எதுக்கு? எல்லாம் புரியுது. ஆனா எரிச்சல் போகல. புக்குல எழுதாத இடத்துலதான் எங்க டேபிளே சிரிச்சுது, அந்த இடத்தப் போயி அடைச்சிட்டான்.

ரெண்டு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருந்தேன். அப்புறம்தான் அன்சீன் சர்வன்ட்டப் படிச்சேன். கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரன், ரிச்சுவலா, அதாவது நிதானமா சடங்கு மாதிரி, போட்டா ஸ்லாட்டும் போகாது, 10 நிமிஷம் கூட ஆகும், ஒரு மணி நேரம் இருப்பான். அவனால என்னென்ன முடியும்னு ஒரு பட்டியல் இருக்கு, துணி மடிக்கிறது, சாப்பாடு பரிமாறுறது, அதுக்கு நடுவுல ஊத்திக் குடுக்கிறது, நெருப்பு மூட்டுறது. ஊத்துறதும் மூட்டுறதும்! கிரீஸப் பத்தி நாலு வருஷம் வக்கீல் மாதிரி வாதாடினேன், இங்க புக்கே எழுதிக் குடுத்திருக்கு.

எண்ணெய் ஒரு குப்பி 1 வெள்ளிக்காசு, தரையில ஊத்தினா 5 அடி சதுரம், 4 குப்பி ஊத்தினா அதே பழைய 10 அடிக்கு 10 அடி. பத்த வெச்சா 2 ரவுண்டு எரியும், உள்ள நுழையுறவனுக்கு 5 டேமேஜ். சர்வன்ட்டால அட்டாக் பண்ண முடியாதே, அதுக்கு எங்க டிஎம் ஒரு கோடு போட்டார், ஆள் நிக்கிறப்ப பத்த வெச்சா அது அட்டாக், ஆள் வரதுக்கு முன்னாடி பத்த வெச்சா வேலை. சரின்னுட்டேன். எண்ணெய்க்குத் தரை சமமா இருக்கணும், அதனால படியில நடக்காது, படிக்கு இன்னமும் கிரீஸ்தான். வாசலுக்கு முன்னாடி நெருப்பு, அதத் தாண்டினா கிரீஸ், இப்ப ஓடிட்டிருக்குறது அந்த செட்டப்பு.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அதே 2024 புக்ல ஸ்காலர்ஸ் பேக்னு ஒரு பை, நான் வாங்கி வெச்சிருக்கேன், உள்ள 10 குப்பி எண்ணெய் கூடவே டின்டர்பாக்ஸ், நெருப்பு மூட்டுற பெட்டி. விளக்குக்குன்னு நெனச்சு அத நான் திறந்துகூடப் பாக்கல. வெண்ணெயக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதை, இங்க நெஜமாவே வெண்ணெய்.

சரி தம்பிக்குப் பதில். கிரீஸுக்கு 10க்கு 9 குடுப்பேன், முதல் லெவல்ல இதுக்கு மிஞ்சின ஸ்பெல்லு நான் பாக்கல. நீ எழுதாத. கோவத்துல சொல்றேன்னு வெச்சுக்கோ, பரவால்ல. ஆறாவதா அன்சீன் சர்வன்ட் எழுது. படிக்க புக்கு வாங்கணும்னுகூட இல்ல, எஸ்ஆர்டி 5.1ன்னு தேடு, இலவச ரூல் தொகுப்பு, 2023 ஜனவரிலயே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல விட்டுட்டாங்க, ரெண்டு ஸ்பெல்லும் அதுல இருக்கு. பின்னாடி எங்கயாவது கிரீஸ் ஸ்க்ரோல் (மந்திரச் சுருள்) கிடைச்சா ஸ்பெல்புக்ல காப்பி பண்ணிக்கோ, 50 கோல்டு, ரெண்டு மணி நேரம். அது வரைக்கும் எண்ணெய்க் குப்பிய எண்ணி வெச்சுக்கோ, எங்க வில்லாளி மாதிரி ஒருத்தன் உங்க டேபிள்லயும் இருப்பான், அவன்கிட்ட முன்னாடியே சொல்லிடு.