கரண்ட் வந்த பிறகும் கன்சோல் திறக்காதபோது: ஈஎஸ்எக்ஸ்ஐயா, ப்ராக்ஸ்மாக்ஸா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை நம்பித் தொழில் நடத்தும் ஒரு சரக்கு முகமை நிறுவனத்தின் சர்வர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். தலைமை அலுவலகத்திலும் டொங்காட் கிளையிலுமாகச் சில இயந்திரங்கள். ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் இயந்திரங்களை (விஎம்) ஓட்டும் மென்பொருள்கள்தான் விஎம்வேர் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ்ஐயும் ப்ராக்ஸ்மாக்ஸும். முன்னதில் ஓடிக்கொண்டிருந்தவற்றைப் பின்னதுக்கு மாற்றிவிட்டோம். அதிலிருந்து ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் இதே வேலையில் இருக்கும் நம்மவர்கள், எது நல்லது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேகத்தையும் விலையையும் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கரண்ட் போய்த் திரும்பி வருகிறது. பிரவுசரில் சர்வர் முகவரியைத் தட்டினால் இணைக்க முடியவில்லை என்கிறது. அந்த நேரத்தில் காரணத்தைச் சீக்கிரம் காட்டிக்கொடுப்பது எது?

இந்த நாட்டில் இது எப்போதோ ஒருமுறை வரும் கேள்வி இல்லை. 2023ஆம் ஆண்டின் லோட் ஷெடிங்கை, அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டை, இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். 2024 மார்ச் 26இல் நின்றது. 2025 ஜனவரி கடைசியில் மறுபடி தலைகாட்டியது. ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கட்டம் என்றால் ஒரே நாளில் பல தடவை வெட்டு. முதல் வெட்டில் வடிந்த யுபிஎஸ் பேட்டரி நிரம்புவதற்குள் அடுத்தது வந்துவிடும். அறிவிப்பே இல்லாவிட்டாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

வேகம், ஸ்னாப்ஷாட், பிரவுசரிலிருந்து நிர்வாகம் இவற்றில் எங்களைப் போன்ற சிறிய இடத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. விலையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ 2024 பிப்ரவரியில் நின்று, 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. ப்ராக்ஸ்மாக்ஸ் திறந்த மூல மென்பொருள். சந்தா வேண்டுமென்றால் பிராசசர் சாக்கெட் கணக்கில் யூரோவில் கட்டலாம். கட்டாவிட்டாலும் எந்த வசதியும் பூட்டப்படாது. ராண்டில் சம்பளம் வாங்கும் நமக்கு அது பெரிய ஆறுதல்.

இனி இணைப்புப் பிழைக்கு வருவோம்.

ஈஎஸ்எக்ஸ்ஐயில் பிரவுசர் 443 போர்ட்டில் தட்டுகிறது. வாசலில், கோரிக்கையை வாங்கி உள்ளே அனுப்பும் ஒரு ப்ராக்ஸி நிற்கிறது. உள்ளே ஹோஸ்ட்டி என்ற சேவைதான் உண்மையில் வேலை செய்கிறது. 503 பிழை வந்தால் பெரும்பாலும் வாசல் திறந்திருக்கிறது, ஹோஸ்ட்டி எழவில்லை என்று பொருள். முதலில் பார்க்க வேண்டியது விஎம்கள் ஓடுகின்றனவா என்பது. அவை ஓடினால் நிர்வாக வழி மட்டும்தான் அறுந்திருக்கிறது. பதறி இயந்திரத்தையே அணைத்துவிடக் கூடாது. சர்வரோடு இணைந்த திரையில் எஃப்2 அழுத்தி, நிர்வாக ஏஜென்ட்களை ரீஸ்டார்ட் செய்யும் தேர்வுக்குப் போனால் போதும். விஎம்களுக்கு ஒன்றும் ஆகாது.

பல ஹோஸ்ட்களை (ஈஎஸ்எக்ஸ்ஐ ஓடும் சர்வர்களை) ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அடுக்கு உண்டு. ஹோஸ்ட் சேர்ந்துவிட்டது போலத் தெரியும். ஒரு நிமிடம் கழித்துத் துண்டித்துக்கொள்ளும். மறுபடி சேர்த்தாலும் அதே கதை. அப்போது ஹோஸ்டிலிருந்து விசென்டருக்குப் போகும் யுடிபி 902 போர்ட்டை வழியில் ஏதாவது ஃபயர்வால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உயிரோடு இருக்கிறேன் என்று ஹோஸ்ட் அனுப்பும் துடிப்பு அந்த வழியில்தான் போகிறது. விசென்டரே ஒரு விஎம் என்பதும், பெயருக்கு உரிய ஐபி முகவரியைக் கேட்டு அது தேடிப் போகும் டிஎன்எஸ் சர்வர் பல இடங்களில் இன்னொரு விஎம் என்பதும் கரண்ட் வந்த பிறகுதான் உறைக்கும். டிஎன்எஸ் முதலில் எழ வேண்டும்; அந்த வரிசையை ஹோஸ்டிலேயே முன்கூட்டிக் குறித்து வைக்க வேண்டும். விசென்டரின் லாக் (நிகழ்வுப் பதிவு) பகுதி நிரம்பினாலும், அதன் உள் சான்றிதழ் காலாவதியானாலும் அது எழாது, அல்லது எழுந்தும் உள்ளே விடாது.

இதெல்லாம் தெரிந்தவருக்குச் சிரமமில்லை. என் மனதை மாற்றியது லாக் விஷயம். ஈஎஸ்எக்ஸ்ஐயை யுஎஸ்பியிலோ எஸ்டி கார்டிலோ நிறுவி, நிலையான ஸ்க்ராட்ச் இடம் (அது எழுதிவைக்கும் வட்டுப் பகுதி) ஒதுக்காவிட்டால் லாக்குகள் நினைவகத்தில்தான் எழுதப்படும். கரண்ட் போனால் அவையும் போகும். எதனால் விழுந்தது என்று பார்க்கப் போனால், எழுந்த பிறகு எழுதியது மட்டுமே இருக்கும். ஸ்க்ராட்ச்சை விஎம் வட்டுகள் இருக்கும் டேட்டாஸ்டோரில் வைத்தாலோ, லாக்குகளைச் சேகரிக்கும் வேறொரு சிஸ்லாக் சர்வருக்கு அவற்றை அனுப்பினாலோ இது தீரும். விஎம்வேரிலேயே தொடர்பவர்கள் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸ் அடிப்படையில் ஒரு டெபியன் லினக்ஸ். நான் அதன் பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான். நிர்வாகப் பக்கம் 8006 போர்ட்டில், எச்டிடிபிஎஸ்ஸில் திறக்கும். திறக்கவில்லையென்றால் எஸ்எஸ்ஹெச் என்ற தொலைக் கட்டளை இணைப்பு வழியாகவோ சர்வர் முன்னால் உட்கார்ந்தோ உள்ளே போய், சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் பிவிஇப்ராக்ஸி (pveproxy), பிவிஇடீமன் (pvedaemon), பிவிஇ-கிளஸ்டர் (pve-cluster) என்ற மூன்று சேவைகளின் நிலையையும் பார்க்கலாம். ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய முறை சர்வர் எழுந்து ஓடியபோது எழுதிய பதிவைக் கேட்டால், கரண்ட் போவதற்குச் சற்று முன்வரை நடந்தது வட்டில் பத்திரமாக இருக்கும். லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டளைகளை முன்பே கற்றிருப்பார்கள். ப்ராக்ஸ்மாக்ஸுக்கென்று தனியாகப் படிக்க வேண்டியது குறைவு.

டொங்காட் கிளையில் இருக்கும் தம்பி சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா வீட்டுத் தமிழ் கொஞ்சம் வரும், மீதி ஆங்கிலம். சர்வர் நிர்வாகம் அவர் படிப்பே இல்லை. "அண்ணா, கரண்ட் வந்துட்டு, பேஜ் மட்டும் திறக்கல" என்று போன் செய்வார். "எஸ்எஸ்ஹெச்ல போப்பா, கிளஸ்டர் சேவை ஓடுதா பாரு" என்றால், சிவப்பில் வரும் வரியை அவரே வாசித்துச் சொல்வார். அந்த ஒரு வரியில் பாதி நேரம் விடை இருக்கும். சர்வர் முன்னால் நிற்பவர் நிபுணராக இல்லாதபோதும் தொலைவிலிருந்து வழிநடத்த முடிகிறதா என்பதுதான் எனக்குத் தீர்ப்புச் சொன்னது. புதிதாக வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் இதே கணக்குத்தான்: லினக்ஸ் தெரிந்த இளைஞர்கள் டர்பனில் கிடைக்கிறார்கள், விசென்டரைக் குடைந்து பார்த்தவர்கள் அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

ப்ராக்ஸ்மாக்ஸில் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெயர்-ஐபி பட்டியலான ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வரின் பெயர் சரியான ஐபிக்குப் போகாவிட்டால் கிளஸ்டர் கோப்பமைப்பு எழாது. அது எழாவிட்டால் சான்றிதழும் விஎம் அமைப்புகளும் கண்ணுக்கே தெரியாது, ப்ராக்ஸியும் திணறும். ஐபி மாற்றுபவர்கள் நெட்வொர்க் அமைப்பில் மாற்றிவிட்டு இந்தக் கோப்பை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கர்னல் புதுப்பித்த பிறகோ புதிய கார்டு செருகிய பிறகோ நெட்வொர்க் கார்டின் பெயர் மாறி, விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ் பழைய பெயரையே தேடிக்கொண்டிருப்பதும் உண்டு. கார்டின் வன்பொருள் எண்ணான மேக் முகவரியைக் காட்டிப் பெயரை நிலையாகக் கட்டிப்போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

பல சர்வர்களை (நோடுகளை) ஒன்றாகச் சேர்த்த கிளஸ்டரில் 595 என்ற பிழை எண் வந்தால், நீங்கள் திறந்திருக்கும் நோடு நன்றாக இருக்கிறது, அது பக்கத்து நோடை எட்ட முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டே நோடு வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். கரண்ட் வந்ததும் ஒன்று எழுந்து மற்றொன்று எழாவிட்டால், நோடுக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கில் பெரும்பான்மை இல்லாமல் போகிறது, அமைப்புக் கோப்புகள் படிக்க மட்டும் கிடைக்கும், விஎம்கள் கிளம்பாது. எதிர்பார்க்கும் ஓட்டுகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைக்கும் கட்டளை உண்டு. மற்ற நோடு உண்மையிலேயே அணைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே அதைப் போடுங்கள். இரண்டும் உயிரோடு இருந்து, இடையில் கேபிள் மட்டும் அறுந்திருந்தால், பொதுச் சேமிப்பகத்தில் இருக்கும் ஒரே விஎம்மை இரண்டு பக்கமும் கிளப்பி வட்டையே பாழாக்கிவிட முடியும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் மூன்றாவது ஓட்டு ஒன்றை வைத்துவிடுவது நிம்மதியான வழி.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: நேரம். மதர்போர்டின் சிறிய பேட்டரி செத்துப்போன பழைய சர்வர் நீண்ட மின்வெட்டுக்குப் பின் தவறான தேதியோடு எழும். சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை என்று பிரவுசர் மறுக்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டரில் 401 காட்டி வெளியே தள்ளும். பாஸ்வேர்டைச் சந்தேகிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் இதே வகை மென்பொருளான ஹைப்பர்-வியை நான் சின்ன அளவில்தான் ஓட்டியிருக்கிறேன். அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். அலுவலகக் கணினிகளை ஒரே இடத்தில் கட்டுப்படுத்தும் வின்டோஸ் டொமைனில் எல்லாம் ஒழுங்காக இருந்தால் இணைப்பு சுலபமாக இருக்கிறது. டொமைனுக்கு வெளியே உள்ள சர்வரைத் தொலைவிலிருந்து பிடிக்க வின்ஆர்எம் என்ற தொலை நிர்வாகச் சேவை, நம்பகமான ஹோஸ்ட் பட்டியல் என்று பல இடங்களில் கை வைக்க வேண்டியிருந்தது. டொமைனில் ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட நேர வித்தியாசம் வரைதான் பொறுக்கும், அதனால் மேலே சொன்ன கடிகாரப் பிரச்சினை அங்கே இன்னும் கடுமையாகத் தாக்கும்.

ஈஎஸ்எக்ஸ்ஐயிலேயே இருப்பது நல்லது என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. பல பத்து ஹோஸ்ட்கள், பெரிய சேமிப்பகம், விசென்டரைக் கரைத்துக் குடித்த குழு, சந்தாவுக்குப் பணம் இவையெல்லாம் இருக்கும் நிறுவனத்தை மாறச் சொல்ல எனக்கு மனமில்லை. சில நோடுகளுக்கு மேல் ப்ராக்ஸ்மாக்ஸை நான் நடத்தியதில்லை. பல நோடுகளின் வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் செஃப் சேமிப்பகத்தோடு பெரிய அளவில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதை நடத்துபவர்களிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் கணக்கு மென்பொருளை விற்றவர் விஎம்வேரில் ஓடினால்தான் உதவுவேன் என்று எழுதி வைத்திருக்கிறாரா என்பதையும் முதலில் பாருங்கள்.

மாறுவதென்று முடிவெடுத்தால், ப்ராக்ஸ்மாக்ஸில் 2024இல் வந்த இறக்குமதி வசதி ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டிலிருந்து நேராகவே விஎம்களை இழுத்துக்கொள்ளும். வின்டோஸ் விஎம்களில் ப்ராக்ஸ்மாக்ஸின் மெய்நிகர் வட்டையும் நெட்வொர்க்கையும் அறிய உதவும் விர்ட்ஐஓ டிரைவரை முன்பே ஏற்றிவிடுங்கள். யுபிஎஸ் பேட்டரி குறையும்போது ஹோஸ்டை ஒழுங்காக அணைக்க நட் என்ற தொகுப்பை டெபியன் களஞ்சியத்திலிருந்தே எடுக்கலாம். பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக எழும்படி வையுங்கள்; டிஎன்எஸ் விஎம்முக்கு எழும் வரிசையில் முதல் எண் கொடுத்து, அடுத்ததற்கு முன் சற்று இடைவெளி விடுங்கள். சர்வரை மட்டும் யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டு நெட்வொர்க் சுவிட்ச்சைச் சுவர் பிளக்கில் விட்டுவைத்திருக்கும் அலுவலகங்களை இந்த ஊரில் நிறையப் பார்க்கிறேன். சுவிட்ச் அணைந்தால் நோடுகள் ஒன்றையொன்று இழக்கும், விழுந்த விஎம்மை வேறு நோடில் தானாக எழுப்பும் ஹெச்ஏ போட்டிருந்தால் பெரும்பான்மை இழந்த நோடு தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். சுவிட்ச்சும், மூன்றாம் ஓட்டு வைத்திருக்கும் அந்த ராஸ்பெர்ரி பையும் அதே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.