வைஃபை பூஸ்டர் போட்டுத் தருகிறேன் என்று வருபவர்களிடம் கவனம் (சேலம்)

சேலத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்கள், வீட்டோடு சேர்த்துப் பட்டறையோ கடையோ நடத்துபவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "எந்த மூலைக்கும் வைஃபை கொண்டுவந்து தர்றேன்" என்று சொல்லி எங்கள் வீட்டில் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு போனார். அவர் செய்த வேலை ஒவ்வொன்றையும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விதமாக யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம்.

வீடு செவ்வாய்ப்பேட்டையில். தாத்தா காலத்து வீடு, தெருவில் அகலம் கம்மி, உள்ளே நீளம் அதிகம். முன்கட்டு, நடுக்கட்டு, முற்றம், அதைத் தாண்டிப் பின்கட்டில் அண்ணனின் கொலுசுப் பட்டறை. எல்லாம் சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள். ஃபைபர் லைன் முன்கட்டோடு நிற்கிறது, ரூட்டரும் அங்கேதான். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் சிக்னல் செத்துவிடும். இப்போதெல்லாம் வெளியூர் வியாபாரிகள் வீடியோ காலில் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் சொல்கிறார்கள். நடுவில் கால் அறுந்தால் அந்த ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போய்விடும். எங்களுக்கு இது பிழைப்பு விஷயம்.

தெரிந்தவர் சொல்லி வந்த அந்த நெட்வொர்க்காரர் ரூட்டர் எங்கே இருக்கிறது என்று கூடப் பார்க்கவில்லை. நேராகப் பட்டறைக்குள் போய், மேஜைப் பக்கத்துப் பிளக்கில் ஒரு ரிப்பீட்டரைச் செருகினார் (ரூட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி, பூஸ்டர் என்பதும் இதைத்தான்). அண்ணனின் போனை வாங்கி அதற்கு ஒட்டினாற்போல் பிடித்து, "பாருங்கண்ணா, ஃபுல் கோடு" என்றார். கோடு நிறைந்துதான் இருந்தது. 3,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் வீடியோ கால் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

அவருடைய சாமர்த்தியம் முழுக்க அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. போனில் தெரியும் கோடு, போனுக்கும் பக்கத்தில் இருக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே உள்ள சிக்னலை மட்டுமே காட்டும். ரிப்பீட்டருக்கு ரூட்டரிலிருந்து என்ன வந்து சேர்கிறது என்பதை அது சொல்லாது. சிக்னல் செத்துப்போன அறையில் ரிப்பீட்டரை வைத்தால், வராத சிக்னலை அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? வற்றிய கிணற்றில் பெரிய மோட்டார் இறக்குகிற கதைதான். ரிப்பீட்டரை வைக்கவேண்டிய இடம் பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்தில். அப்படியே வைத்தாலும், விலை குறைந்த ரிப்பீட்டர்கள் ஒரே ரேடியோவில் (சிக்னலை வாங்கி அனுப்பும் பாகம்) வாங்கி, அதே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கூப்பிட்டுக் கேட்டோம். "சுவர் தடிமன்ணா, இன்னொன்னு போட்டாத்தான் சரியா வரும்" என்று முற்றத்தில் இரண்டாவது ரிப்பீட்டரை மாட்டி அதற்கும் அதே விலை வாங்கினார். ஒன்றிலிருந்து ஒன்று வாங்கி அனுப்பியதில் பாதி மறுபடி பாதியானது. இதே ரகம் கடையில் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது.

அப்புறம் அவரே, "கேபிள் இழுத்துடலாம்" என்றார். யோசனை சரியானது. அதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கேட் 6 (நெட்வொர்க் கேபிளில் ஒரு ரகம்), ப்யூர் காப்பர் என்று பில்லில் எழுதி மீட்டர் கணக்கில் பணம் வாங்கினார். அதுவும் நின்று நின்று வந்தது.

அண்ணன் வெள்ளி வேலைக்காரர், எதையும் உரசிப் பார்க்காமல் நம்பாதவர். கேபிளின் நுனியைச் சீவி, ஒரு கம்பியை அரத்தால் லேசாக ராவினார். மேலே செம்பு நிறம். அரம் ஒரு தரம் ஓடியதும் உள்ளே வெளுப்பு. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு! இரண்டு முறை மடக்கியதும் பட்டென்று ஒடிந்தது. கேசிங் பட்டையைக் கழற்றினால் நடுவில் ஒரு ஒட்டு வேறு: கம்பிகளைக் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார், எட்டுக் கம்பியில் நான்கை மட்டும். நான்கு கம்பியில் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது, இந்த ஒட்டில் அதுகூட நிலையாக நிற்கவில்லை. நல்ல கேட் 6 கேபிள் ஒட்டே இல்லாமல் 100 மீட்டர் வரை தாராளமாக ஓடும். எங்கள் வீட்டு நீளம் அதில் பாதி கூட இல்லை. உங்கள் வீட்டுக்கு யாராவது கேபிளோடு வந்தால், இழுப்பதற்கு முன்பே ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். அரை நிமிஷ வேலை.

இத்தனைக்கும் பிறகு அவர் சொன்னதுதான் ஆபத்தானது. "போன் டவரே கிடைக்கலைன்னா மொபைல் பூஸ்டர் இருக்கு, மாடியில ஆன்டெனா வச்சிடலாம், 14,000 ஆகும்" என்றார். தொலைபேசி நிறுவனத்தின் அனுமதி இல்லாமல், டவர் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் இந்தக் கருவியை வீட்டில் வைப்பது சட்டவிரோதம். 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் டெலிகிராபி சட்டத்திலிருந்தே ரேடியோ கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையும் இவற்றை விற்கவோ வாங்கவோ பொருத்தவோ கூடாது என்று பலமுறை எச்சரித்திருக்கிறது. இது டவரைக் குழப்பி அக்கம்பக்கத்து வீடுகளின் போன் பேச்சையும் கெடுக்கும். சோதனைக்கு வந்தால் மாட்டுவது வீட்டுக்காரர்தான். ஏற்காட்டில் கருங்கல் பங்களாக்களில் விடுதி நடத்துபவர்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள். கட்டடத்துக்குள் வைஃபை ஒழுங்காக இருந்தால் போனில் வைஃபை காலிங்கை (டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் போன் பேசும் வசதி) ஆன் செய்தாலே போதும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இந்த வசதியைக் கொண்டுவந்துவிட்டன, தனிக் கட்டணம் இல்லை.

கடைசியில் சிசிடிவி வேலை செய்யும் ஒரு தம்பி வந்தார். முதலில் ரூட்டரிலிருந்து பட்டறை வரை போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்து அளந்துகொண்டே நடந்தார். சிக்னல் பலம் ரூட்டர் பக்கத்தில் மைனஸ் 40, நடுக்கட்டில் இரும்பு பீரோவைத் தாண்டியதும் மைனஸ் 70, பட்டறையில் மைனஸ் 88. இந்த எண் 10 இறங்கினால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் நன்றாக ஓடும், மைனஸ் 80 தாண்டினால் கஷ்டம். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில், தடித்த சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தாண்டுவது 2.4-ஐவிடச் சிரமம் என்பதையும் அதே ஆப்பில் காட்டினார். ஆறு ஆன்டெனா வைத்த பெரிய ரூட்டர் வாங்கலாமா என்று அண்ணன் கேட்டதற்கு, "ரூட்டர் எவ்வளவு சத்தமா பேசினாலும் போன் திருப்பிப் பேசணுமில்லைங்களா, போனுக்கு அவ்வளவு சக்தி கிடையாதுங்க" என்றார். மொட்டை மாடி வழியாகக் குழாய்க்குள் காப்பர் கேபிளை ஒரே இழுவையாக இழுத்து, பட்டறைக் கூரையில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) மாட்டினார். கிளம்புவதற்கு முன் பட்டறையில் உட்கார்ந்து எங்கள் எதிரிலேயே வீடியோ கால் போட்டுக் காட்டிவிட்டுத்தான் பணத்தைப் பற்றிப் பேசினார்.

முதலாமவர் இப்போது போன் எடுப்பதில்லை. ப்யூர் காப்பர் என்று அவர் கைப்பட எழுதிய பில், ராவிய கம்பி, ஒட்டின் படம் மூன்றையும் பத்திரமாக வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறோம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும். இதே மாதிரி பணம் கொடுத்து மாட்டியவர்கள் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், வாட்ஸ்அப்பில் பேசியதையும் அழிக்காதீர்கள்.